காதுக்கா, ஹோலுக்கா? ஒரு லட்சம் ரூபாவில் பாட்டுக் கேட்கும் வழிகள்

கையில் ஒரு லட்சம் ரூபா இருக்கிறது. இருப்பது கொழும்பில், ஒரு தொடர்மாடி வீட்டில். பாட்டை வடிவாகக் கேட்க வேண்டும். எதை வாங்கலாம்? அண்மையில் என்னிடம் இதைக் கேட்டவர்கள் பலவிதமானவர்கள்: திருமணமாகி தெஹிவளைக்குக் குடிபோன ஒரு சோடி, ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை ஒருவர், வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகும் என் மருமகன். எல்லோருக்கும் நான் ஒரே பதிலைச் சொல்லவில்லை. அதற்கான காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டில் விருப்பமுள்ள இரண்டு பேராவது ஒரு வீட்டில் இருந்தால், காசை ஹோலில் வைக்கும் இரண்டு சிறிய ஸ்பீக்கர்களில் போடுங்கள். தனியே ஓர் அறையில் இருப்பவர் என்றால் வயர் உள்ள நல்ல இயர்போன் ஒன்றை வாங்கிவிட்டு மிச்சத்தைக் கையில் வைத்திருங்கள். மற்ற வழிகளுக்கும் இடம் உண்டு, ஆனால் இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

இருபது வருடங்களுக்கு முன் இப்படிச் சொல்லியிருக்க முடியாது. இந்தக் காசுக்கு நல்ல ஒலி கிடைக்குமா என்பதே அப்போது பெரிய கேள்வி. இன்று 20 டொலர் இயர்போனில் அது கிடைத்துவிடுகிறது. டொலர் 300 ரூபாவைச் சுற்றி நிற்கும்போது அது ஆறாயிரம் ரூபா. வரியும் கடைக்காரரின் இலாபமும் சேர்ந்தாலும் ஒரு லட்சத்தில் சிறு பங்குதான். ஒலியின் தரம் இவ்வளவு மலிந்த பிறகு, வாங்கப் போகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது யாரோடு கேட்கப் போகிறோம் என்பதை.

கூட்டமாகக் கேட்டவர்கள் நாங்கள்

கொழும்பில் வானொலி தொடங்கியது 1925 டிசம்பரில். ஆசியாவின் மிகப் பழைய வானொலிகளில் அது ஒன்று. 1950களில் அதன் வர்த்தக சேவை சிற்றலை வழியாக இந்தியா முழுக்கப் போனது. அகில இந்திய வானொலி திரைப்பாடல்களுக்கு இடம் குறைத்திருந்த காலம் அது. அதற்குப் பின்வந்த வருடங்களில் தமிழ்நாட்டுத் தேநீர்க்கடைகளிலும் முடிவெட்டும் கடைகளிலும் கேட்டது இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை. எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் போன்றவர்களின் குரல்களைக் கடல் தாண்டியும் அடையாளம் தெரிந்துவைத்திருந்தார்கள்.

ஒலி என்று பார்த்தால் அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஒற்றை ஸ்பீக்கர், இரைச்சல், அலை தேய்ந்து தேய்ந்து திரும்பும். ஆனால் பாட்டுக்கு முன் விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களும் ஊர்களும் வரிசையாக வாசிக்கப்படும். மன்னாரில் இருக்கும் ஒருவரும் மதுரையில் இருக்கும் ஒருவரும் ஒரே பாட்டைக் கேட்டிருக்கிறார்கள் என்று ஆயிரக்கணக்கானோர் அதே நிமிடத்தில் அறிந்துகொள்வார்கள். முன்பின் தெரியாத மனிதர்கள் சேர்ந்து ஒரு பாட்டுக்குக் காத்திருந்த அந்த ஏற்பாட்டை எந்த ஆப்பும் இன்னும் முழுதாகத் திருப்பித் தரவில்லை என்றே நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து கொழும்பில் குடியேறியவர்களிடம் கேட்டால் இன்னொன்றும் சொல்வார்கள். 1990களில் மின்சாரம் இல்லாத வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்டார்கள். ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் கேட்பார்கள், கை வலித்தால் அடுத்தவர் சுற்றுவார். தனியே கேட்பதென்றால் உழைப்பும் கேட்பதும் ஒரே ஆளின் தலையில் விழும், ஆகவே யாரும் தனியே கேட்கவில்லை.

இதற்கெல்லாம் நடுவில்தான் கையில் கொண்டுபோய்க் கேட்கும் கசெட் கருவியான வாக்மன் வந்தது. 1979 ஜூலையில் சோனி வெளியிட்ட முதல் மாதிரியில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் இருந்தன. இரண்டு பேர் கேட்கும்போது பாட்டைத் தணித்து ஒருவரோடொருவர் கதைக்க ஒரு செம்மஞ்சள் பட்டனும் இருந்தது. பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஒருவர் மட்டும் காதை மூடிக்கொள்வது மரியாதைக் குறைவாகப் படும் என்று அதன் உருவாக்குநர்கள் அஞ்சினார்கள். வாங்கியவர்களுக்கு அந்த அச்சம் இருக்கவில்லை. பின்வந்த மாதிரிகளில் முதலில் அந்தப் பட்டனும், அப்புறம் இரண்டாவது துளையும் இல்லாமல் போயின.

ஒலித் தரத்தையே பொழுதுபோக்காகக் கொண்ட ஓடியோஃபைல்களும் வேறு வழியாக அதே இடத்துக்குத்தான் வந்தார்கள். ஸ்பீக்கர்களுக்கு நேர் எதிரே, சரியான தூரத்தில், ஒரே ஒரு நாற்காலி. அதில் இருப்பவருக்கு மட்டும் ஒலி சரியாகப் பொருந்தும். மனைவி பிள்ளைகள் அந்த அறைக்குள் வந்தால் இடைஞ்சல். விலை ஏற ஏற அந்த நாற்காலியின் தனிமையும் ஏறியது. இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு எப்போதும் உறுத்திய விஷயம் இதுதான்.

இப்போது இந்தத் தனிமை மெல்ல மாறுகிறது. ஜப்பானில் இசைத்தட்டு விலை எட்டாத காலத்தில், நல்ல ஸ்பீக்கரும் பெரிய தட்டுச் சேகரிப்பும் வைத்த ஜாஸ் கோப்பிக் கடைகள் இருந்தன. யோகோஹாமாவின் சிகுசா 1933இல் திறந்தது. காசு கொடுத்து ஒரு கோப்பி வாங்கிவிட்டு அந்நியர்களோடு அமைதியாக இருந்து கேட்பார்கள். அந்தக் கடைகளைப் பார்த்துத்தான் கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் லண்டனிலும் நியூயோர்க்கிலும் கேட்பதற்கென்றே மதுச்சாலைகள் வந்தன. லண்டனில் 2010இல் தொடங்கிய கிளாசிக் ஆல்பம் சண்டேஸ் என்ற கூடலில் ஒரு முழு இசைத்தட்டைத் தொடக்கத்தில் இருந்து முடிவு வரை, பேசாமல், நல்ல கருவியில் கேட்கிறார்கள். ஒற்றை நாற்காலிக்காக வாங்கிய கருவிகள் இப்போது கூட்டத்துக்கு முன்னால் வருகின்றன. கொழும்பில் ஒரு தொடர்மாடி ஹோலில் இதைச் சிறிய அளவில் செய்ய முடியும் என்பது என் நம்பிக்கை.

இயர்போன்: தனியாளுக்கு மறுக்க முடியாத வழி

மருமகனுக்கு நான் சொன்னது இதைத்தான். வாடகை அறை, மெல்லிய சுவர், பக்கத்து அறையில் பரீட்சைக்குப் படிக்கும் பெடியன், மேலே சுழலும் மின்விசிறி, கடற்கரைப் பக்கம் ரயில். இந்த நிலையில் ஸ்பீக்கர் வாங்கினால் அதைச் சத்தமாக வைக்கவும் முடியாது, மெதுவாக வைத்தால் விசிறிச் சத்தத்துக்குள் வீணையின் கமகம் அமிழ்ந்துவிடும். காதுக்குள் இறுக்கமாக இருக்கும் இயர்போன் வெளிச் சத்தத்தை அடைத்துவிடுகிறது. மெதுவாக வைத்தாலே எல்லாம் கேட்கும்.

விலையைப் பற்றிய பயத்தை விட்டுவிடலாம். 2017இல் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்தார். தாழ்ந்த சுரத்தில் இருந்து உச்சச் சுரம் வரை ஒலி எவ்வளவு ஒழுங்காக வருகிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பே தெரியவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஒலிவும் அவருடைய குழுவும், பெரும்பாலான மக்களுக்கு ஹெட்போனில் எந்த ஒலிச் சமநிலை பிடிக்கிறது என்று சோதித்து ஒரு வளைகோட்டை வெளியிட்டார்கள். சீனத் தயாரிப்பாளர்கள் அந்த வளைகோட்டை நெருங்கி மலிவான இயர்போன்களைச் செய்யத் தொடங்கினார்கள். மூன்ட்ராப் நிறுவனம் 2022இல் வெளியிட்ட சூ அப்படிப்பட்டது, வெளிவந்தபோது 20 டொலர் அளவுதான். ஃபோனில் ஹெட்போன் துளை இல்லையென்றால் ஒரு சிறிய மாற்றி வேண்டும். ஆப்பிள் அதை அமெரிக்காவில் 9 டொலருக்கு விற்கிறது, அளவீடுகளில் அது பல மடங்கு விலையுள்ள பெட்டிகளோடு போட்டி போடுகிறது. இரண்டும் சேர்ந்து முப்பது டொலர் கூட இல்லை.

வயர் இல்லாத பட்ஸ் எடுக்கலாமா என்று மருமகன் கேட்டான். புளூடூத்தில் ஒலி கெட்டுவிடும் என்று பழையவர்கள் சொல்வது ஓரளவுதான் உண்மை. சிடியின் ஒலி ஒரு வினாடிக்கு 1411 கிலோபிட். புளூடூத்தில் எல்டாக் என்ற முறை உச்சமாக 990 வரை அனுப்பும், சாதாரண எஸ்பிசி முறை 328 அளவில் நிற்கும். சுருக்கும்போது கொஞ்சம் இழப்பு உண்டு, பஸ்ஸுக்குள் அது தெரியாது. எனக்கு இருக்கும் தயக்கம் பட்டரியைப் பற்றியது. இரண்டு மூன்று வருடங்களில் பட்டரி தளர்ந்துவிடும், அந்தச் சின்னக் கூட்டைத் திறந்து மாற்றுவதும் கடினம். வயர் இயர்போன் ஒழுங்காகப் பார்த்தால் அதைவிட நீண்ட காலம் வரும். ஒரு விதிவிலக்கு: 100ஆம் இலக்க பஸ்ஸில் தினமும் காலி வீதி முழுக்கப் போய்வருபவர் என்றால் இரைச்சல் நீக்கும் பட்ஸ் வாங்குங்கள். இயந்திரத்தின் தாழ்ந்த உறுமலை அது வெட்டிவிடும், அப்போது சத்தத்தைக் கூட்ட வேண்டி வராது. இது காதுக்கு முக்கியம். வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பதே வளர்ந்தவர்களுக்குப் பாதுகாப்பான எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. டெசிபல் மூன்று ஏறினால் அந்த நேரம் பாதியாகிவிடும்.

இயர்போனின் குறை எங்கே தெரியும் என்றால் பழைய பாடல்களில். 1950களிலும் 60களிலும் வந்த நம் திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோ. இரண்டு காதிலும் ஒரே ஒலி வருவதால் பாடகர் உங்கள் மண்டைக்கு நடுவில் நின்று பாடுவது போல இருக்கும். அதே பாட்டை ஹோலில் ஸ்பீக்கரில் வைத்தால் அவர் எதிரே நிற்பார், அறையின் காற்றும் அந்தக் குரலோடு சேரும். அந்தக் காலப் பாடல்களில் ஊறியவர் என்றால் எவ்வளவு நல்ல இயர்போனும் அரைத் திருப்திதான் தரும்.

விருந்து ஸ்பீக்கர்

பிறந்தநாள், கடற்கரைப் பயணம், பைலா போட்டு ஆடும் இரவு என்றால் சக்கரமும் வெளிச்சமும் உள்ள புளூடூத் ஸ்பீக்கர் சரி. 2022இல் ஒரு கட்டத்தில் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை போனபோது பட்டரியில் பாடும் எதுவும் பெரிய ஆறுதலாக இருந்தது, அதை மறக்கக் கூடாது. ஆனால் வீட்டில் தினமும் கேட்பதற்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். தாழ்ந்த ஒலியை ஊதிப் பெருக்கித்தான் இவை கவர்கின்றன. அந்தத் தாழ்ந்த ஒலிதான் கொங்கிறீட்டைத் தாண்டிக் கீழ் வீட்டுக்கும் மேல் வீட்டுக்கும் போகிறது. பாடகரின் குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது, அந்த இடி மட்டும் கேட்கும்.

ஹோலில் இரண்டு ஸ்பீக்கர்கள்

தெஹிவளைச் சோடிக்கு நான் சொன்னது இதை. அவர்கள் முதலில் கேட்டது எத்தனை வாட் வேண்டும் என்று. கடைகளில் பெட்டிக்கு வெளியே ஆயிரக்கணக்கான வாட் என்று அச்சடித்து வைத்திருப்பார்கள், பிஎம்பிஓ (விளம்பரத்துக்காக ஊதிய உச்ச அளவு) என்று போட்டிருந்தால் அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம். சாதாரணமான ஒரு சிறிய ஸ்பீக்கர் ஒரு வாட் சக்தியில் ஒரு மீற்றர் தூரத்தில் 86 டெசிபல் அளவு ஒலி தரும். மூன்று மீற்றர் தள்ளி சோபாவில் இருந்தாலும், கதைக்கும் குரலைவிடப் பெரிதாகப் பாட்டுக் கேட்க ஓரிரு வாட் போதும். ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) என்று போட்ட 20, 40 வாட் ஒரு தொடர்மாடி ஹோலுக்குத் தாராளம். எடிஃபயரின் ஆர்1280டி போன்ற, அம்பிளிபயர் உள்ளேயே இருக்கும் ஒரு சோடியின் மொத்தச் சக்தி 42 வாட். வெளிநாட்டு விலை 100 டொலரைச் சற்றுத் தாண்டும். ஒரு லட்சத்துக்குள் இப்படிப்பட்ட ஒரு சோடியும் அதற்கு இரண்டு நல்ல தாங்கிகளும் ஒரு தடித்த திரைச்சீலையும் அடங்க வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்.

திரைச்சீலையைச் சும்மா சேர்க்கவில்லை. கொழும்பு வீடுகளின் ஹோல் பெரும்பாலும் டைல்ஸ் தரை, வெறும் சுவர், பெரிய கண்ணாடி யன்னல். நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் ஒரு சின்ன அதிர்வு தொடர்ந்தால், எந்த ஸ்பீக்கர் வைத்தாலும் மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லும் அடுத்ததோடு கலந்துதான் கேட்கும். தரையில் ஒரு விரிப்பு, யன்னலுக்குக் கனமான திரை, ஸ்பீக்கருக்கு எதிர்ச் சுவரில் புத்தக அலுமாரி. ஐம்பதாயிரம் ரூபா கூடக் கொடுத்து அடுத்த தர ஸ்பீக்கர் வாங்குவதைவிட இந்த மூன்றும் அதிகம் செய்யும்.

வைக்கும் இடமும் அப்படியே. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 3.4 மீற்றர் இருந்தால் 50 ஹேர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலி அந்த அறையில் சிக்கிக்கொண்டு வீங்கும். இதைத் தவிர்க்க முடியாது, ஆனால் ஸ்பீக்கரை மூலைக்குள் தள்ளினால் இன்னும் மோசமாகும். சுவரில் இருந்து ஓரடியாவது முன்னே எடுங்கள். உச்சச் சுரங்கள் வரும் சின்னக் கூம்பு, இருந்து கேட்பவரின் காது உயரத்துக்கு வரட்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையில் உள்ள தூரமும் அவற்றுக்கும் சோபாவுக்கும் உள்ள தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் போதும். சோபாவில் இருக்கும் மூன்று பேருக்கும் நியாயமாகக் கேட்க வேண்டும் என்றால் ஸ்பீக்கர்கள் பார்க்கும் கோடுகள் சோபாவுக்கு முன்னாலேயே சந்திக்கும்படி அவற்றை உள்நோக்கித் திருப்புங்கள். நடுவில் இருப்பவருக்குக் கிடைக்கும் துல்லியம் கொஞ்சம் குறையும், ஓரத்தில் இருப்பவர்களுக்கு நன்மை. ஒற்றை நாற்காலிக்காரர்கள் இந்த மாற்றத்தை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். என் கணக்கில் அது நல்ல பேரம்.

ஸ்பீக்கரின் தோற்றத்துக்கும் பெயருக்கும் காசு கொடுக்காதீர்கள். ஷான் ஒலிவும் ஃபுளோயிட் டூலும் 1994இல் ஒரே ஸ்பீக்கர்களை ஒரே ஆட்களுக்கு இருமுறை கேட்கக் கொடுத்தார்கள், ஒருமுறை கண்ணால் பார்த்தபடி, ஒருமுறை திரைக்குப் பின்னால் மறைத்து. பார்த்துக் கேட்டபோது பெரிய, அழகான ஸ்பீக்கர்களுக்குக் கிடைத்த மதிப்பெண் மறைத்துக் கேட்டபோது இறங்கிவிட்டது. ஹார்மன் நிறுவனத்தில் வேலை செய்தவர்களே கண்ணுக்கு ஏமாந்திருக்கிறார்கள்.

அதேபோல 24 பிட், 192 கிலோஹேர்ட்ஸ் என்று சிடியைவிட நுணுக்கமான பதிவுகளைக் கேட்டுப் பின்னால் ஓட வேண்டாம். 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் வெளியிட்ட சோதனையில், உயர்தரப் பதிவையும் அதைச் சிடித் தரத்துக்கு இறக்கியதையும் மாற்றி மாற்றிக் கேட்டவர்கள் எது எது என்று சரியாகச் சொன்னது ஏறக்குறைய பாதித் தடவைதான், நாணயத்தைச் சுண்டிவிட்டாலும் அவ்வளவு வரும். சிடியின் 16 பிட், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபல் இடைவெளி தருகிறது. விசிறி சுழலும் கொழும்பு ஹோலில் அமைதி என்று சொல்வதே 40 டெசிபல் அளவில் நிற்கும்போது இதற்கு மேல் கேட்டு என்ன செய்யப் போகிறோம்? ஆப்பிள் மியூசிக் 2021இல் இருந்து இழப்பில்லாத ஒலியைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் தருகிறது. அது இருந்தால் வையுங்கள், இல்லையென்று கவலைப்பட வேண்டாம்.

பழைய ஜப்பான் அம்பிளிபயரும் பெரிய ஸ்பீக்கரும் மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். பொறுமை உள்ளவர்களுக்கு அது நல்ல வழிதான். வாங்குமுன் பின்பக்கத்தில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்தது 100 வோல்ட், இங்கே 230. நேரே செருகினால் அன்றோடு சரி, தனி மின்மாற்றி வேண்டும். ஸ்பீக்கர் கூம்பின் விளிம்பை விரலால் மெதுவாக அழுத்துங்கள். அது நுரையாக இருந்தால் நம் சூட்டிலும் ஈரத்திலும் உதிர்ந்துபோகும், இறப்பர் என்றால் தாங்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடல் பக்கம் இருப்பவர்கள் உப்புக்காற்றில் இணைப்பு முனைகள் பச்சை பிடிப்பதையும் கவனிக்க வேண்டும்.

இசைத்தட்டு

அமெரிக்காவில் 2022இல், 1987க்குப் பின் முதல் தடவையாக, எண்ணிக்கையில் சிடியைவிட இசைத்தட்டு அதிகம் விற்றது. கொழும்பிலும் இளம் ஆட்கள் தட்டுத் தேடுகிறார்கள். சங்கீத ஆசிரியைக்கு நான் இதைப் பரிந்துரைத்ததன் காரணம் ஒன்றுதான்: அவரிடம் தகப்பனார் விட்டுச் சென்ற தட்டுகள் ஓர் அலுமாரி நிறைய இருந்தன, அவற்றில் சில வேறெங்கும் கிடைக்காத கச்சேரிகள். தட்டு இல்லாதவர் ஒலிக்காக இதற்குள் இறங்கத் தேவையில்லை. ஓடியோ டெக்னிக்காவின் ஆரம்ப மாதிரி போன்ற சுழற்றி ஒன்றுக்கும் ஊசிக்கும் பாதிக் காசு போய்விடும், ஸ்பீக்கருக்கு மிஞ்சாது. இங்குள்ள ஈரத்தில் உறைகளில் பூஞ்சணம் பிடிக்கும், அலுமாரிக்குள் சிலிக்கா ஜெல் வைக்க வேண்டும். பழைய சுழற்றிகள் சில மின்னோட்டத்தின் அதிர்வெண்ணை நம்பிச் சுழல்பவை. 60 ஹேர்ட்ஸ் நாட்டுக்குச் செய்ததை நம் 50 ஹேர்ட்ஸில் ஓட்டினால் சுருதி இறங்கிவிடும், சங்கீதம் தெரிந்தவருக்கு அதைவிட வேதனை இல்லை. இருந்தாலும் தட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு பக்கம் இருபது நிமிடம் அளவுதான் ஓடும், அதற்குள் பாட்டை மாற்ற யாருக்கும் மனம் வராது. ஆட்களைக் கூட்டிவைத்துக் கேட்க இது உதவுகிறது.

ஒன்றும் வாங்காமல்

புதிதாகக் கருவி வாங்காமலே சேர்ந்து கேட்கும் வழிகளும் வளர்ந்திருக்கின்றன. ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு 2021 பெப்ரவரியில் வந்தது. 2023 செப்டெம்பரில் அது தொடங்கிய ஜாம் என்ற வசதியில் பிரீமியம் கணக்குள்ள ஒருவர் தொடங்கினால் 32 பேர் வரை ஒரே வரிசையில் பாட்டுப் போட்டுக் கேட்கலாம், வேறு வேறு நாடுகளில் இருந்தாலும், ஆனால் தூரத்தில் இருந்து சேர்பவர்களுக்கும் பிரீமியம் கணக்கு வேண்டும். கொழும்பில் இரவு ஏழு மணி என்றால் ரொறன்ரோவில் சின்னம்மா காலைச் சாப்பாட்டில் இருப்பா, லண்டனில் ஒன்றுவிட்ட தம்பி மத்தியான வேலையில் இருப்பான். உறவுகள் இப்படிச் சிதறிய ஒரு சமூகத்துக்கு இந்த வசதி பெரிய விஷயம். எங்கள் வீட்டில் இதைத்தான் அதிகம் விரும்புகிறோம்.

குறையும் உண்டு. எல்லோரும் அடுத்து எந்தப் பாட்டைச் சேர்ப்பது என்று ஃபோனைத் துழாவிக்கொண்டிருப்பார்கள், ஓடுகிற பாட்டை யாரும் கேட்பதில்லை. நாங்கள் போயா (பௌர்ணமி விடுமுறை) நாள் பின்னேரங்களில் வேறு விதமாகச் செய்கிறோம். வருகிற ஒவ்வொருவரும் ஒரு பாட்டுக் கொண்டுவர வேண்டும். அது முடியும்வரை ஃபோன் மேசையில் கவிழ்ந்திருக்கும், நடுவில் மாற்றக் கூடாது, முடிந்த பிறகு கொண்டுவந்தவர் ஏன் அதைத் தேர்ந்தார் என்று சொல்லலாம். வடை, தேநீர், அவ்வளவுதான். பதினாறு வயதுப் பெடியன் கொண்டுவந்த ராப் பாட்டைத் தாத்தா முழுதாக இருந்து கேட்டார். “தம்பி, சொல்லு விளங்கேல்லை, தாளம் நல்லாயிருக்கு, திருப்பிப் போடு” என்றார். பெடியன் உடனே திருப்பிப் போட்டான்.

புளூடூத்தில் ஓரகாஸ்ட் என்ற ஏற்பாடு 2022இல் அறிவிக்கப்பட்டது. ஒரு கருவியில் இருந்து எண்ணிக்கை இல்லாத இயர்போன்களுக்கு ஒரே நேரத்தில் ஒலி அனுப்பலாம், செவிக் கருவி அணிந்தவர்களும் சேர்ந்துகொள்ளலாம். அது பரவலாகும்போது இயர்போனும் கூட்டத்துக்குள் வந்துவிடும். முதல் வாக்மனின் இரண்டாவது துளை வேறு வடிவில் திரும்புகிறது என்று எடுத்துக்கொள்கிறேன், அதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

கடைக்குப் போவதற்கு முன்

ஆடிவேல் ஊர்வலம் நடக்கும் நாளிலோ, பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலில் திருவிழா நடக்கும்போதோ போய், ஒலிவாங்கி இல்லாத இடத்தில் நின்று தவிலையும் நாதஸ்வரத்தையும் கேளுங்கள். தவிலின் வலந்தலையில் விரல்கூடு விழும் அந்த வெட்டும், தொப்பியில் தடி விழுந்தபின் எழும் கனமும் காதில் பதியட்டும். அப்புறம் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் பதிவு ஒன்றை ஃபோனில் இறக்கிக்கொண்டு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கோ பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்கோ போங்கள். கூடவே நன்றாகத் தெரிந்த ஒரு பெண் குரல் பாட்டும், பழைய மோனோப் பாட்டு ஒன்றும் போதும். கடைக்காரர் போடும் பாட்டில் முடிவெடுக்காதீர்கள், அந்த ஸ்பீக்கருக்கு எது பொருந்தும் என்று அவருக்குத் தெரியும்.

இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது ஒலியளவை ஒன்றாக வைத்துக் கேளுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பது நல்லதாகத் தோன்றும், அது காதின் இயல்பு. அளவு பார்க்க ஃபோனில் இலவச ஆப் இருக்கிறது. வீட்டில் உங்களோடு கேட்கப் போகிறவரையும் கூட்டிப் போய், திரும்பி நின்று கேட்கச் சொல்லுங்கள், பெட்டியைப் பார்க்காமல். தெஹிவளைச் சோடியில் கணவர் கறுப்புப் பெட்டியை விரும்பினார், மனைவி திரும்பி நின்று கேட்டுவிட்டு விலை குறைந்த மரநிறச் சோடியைச் சொன்னா. அதையே வாங்கினார்கள், மிஞ்சிய காசில் திரைச்சீலை தைத்தாயிற்று.